என்ன வேணும்னு ஒரே தடவையா சொல்லுங்களேன்!

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, லேப்டாப்பை பார்மட் பண்ணப்போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்..." என்னம்மா, வைரஸான்னு கேட்டேன். இல்லையாம். ஒரு பைத்தான் லைப்ரரி இன்ஸ்டால் ஆக மாட்டேங்குதாம். பார்மட் பண்ணு, சரியாப்போயிடும்னு சீனியர் யாரோ சொன்னாங்களாம். ஏற்கெனவே ஒரு தடவை அழிச்சுட்டு உபுண்டுவைத் திரும்பப் போட்டும் பார்த்துட்டா. அதே எரர். "எனக்கு இதெல்லாம் வராது போல மாமா"ன்னு சொன்னப்போ குரல் உடைஞ்சிருந்தது.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. என்ன தப்பு பண்ணினா இந்தப் பொண்ணு? ஜாங்கோவில் காலேஜ் ப்ராஜெக்ட், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். இரண்டையும் இணைக்க மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் வேணும். 'பிப் இன்ஸ்டால்'னு ஒரு வரி அடிச்சா வந்துடும்னு நோட்ஸில் இருக்கு. அடிச்சா. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

வீடியோ காலில் ஸ்க்ரீனைக் காட்டச் சொன்னேன். முதல் எரர்: பிகேஜி-கான்ஃபிக் இல்லை. சரி, போட்டோம். மறுபடி ஓட்டினா, மைஎஸ்க்யூஎல்லோட டெவலப்மென்ட் ஃபைல்கள் எங்கேன்னு தெரியலையாம். அதையும் நேரடியாச் சொல்லலை. ஏதோ சிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ் என்ற வேரியபிள்களை நீயே கையால் குடுன்னு சொல்லுது. இரண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணுக்கு அது என்ன புரியும்? அந்த பேக்கேஜையும் போட்டோம். அடுத்து, ஜிசிசி கம்பைலரே இல்லை. பில்ட்-எசென்ஷியல் போட்டோம். இனிமே ஆயிடும்னு நம்பினா கடைசியா ஒண்ணு: ஃபேட்டல் எரர், பைத்தான்.ஹெச் என்ற ஃபைல் இல்லை.

பைத்தான் இல்லையா? அதே திரையில் பைத்தான் ஓடிக்கிட்டுதானே இருக்கு! அவள் கேட்டதும் அதைத்தான். பைத்தான் ப்ரோக்ராமை ஓட்ட ஒரு பேக்கேஜ். பைத்தானோடு சேர்த்து சி மொழிக் கோடை கம்பைல் பண்ண ஹெடர் ஃபைல்கள் வேணும், அது தனி பேக்கேஜ். பேரு பைத்தான்3-டெவ். உபுண்டுவில் அப்படிப் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க. அதுக்குக் காரணம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா 'பைத்தான்.ஹெச் இல்லை'ன்னு படிக்கிற புதுப் பொண்ணு அந்த வரியிலிருந்து 'பைத்தான்3-டெவ் போடணும்'னு எப்படிக் கண்டுபிடிப்பா? காணாமப் போன ஃபைலோட பேரைச் சொல்லுது. அது எந்தக் கடையில் கிடைக்கும்னு சொல்லலை.

தாலுகா ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. ஒரு சான்றிதழுக்குப் போனா முதல் நாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்பாங்க. அடுத்த நாள் போட்டோ. அதுக்கடுத்த நாள் விஏஓ கையெழுத்து. எல்லாத்தையும் முதல் நாளே சொல்லித் தொலைச்சா என்னங்க? அதிலும், அந்தச் சிவப்பு எழுத்துக்கு அடியில் பிப் ஒரு குறிப்பு போடுது பாருங்க: இந்த எரர் வேற ப்ராசஸிலிருந்து வந்தது, இது பிப்போட பிரச்சினையா இருக்காதுன்னு. உண்மைதான். ஆனா கையைக் கழுவிட்டுப் போறதுக்கு ஒரு வரி இருக்கு, வழி சொல்ல ஒரு வரி இல்லையே!

இன்னும் வயித்தெரிச்சல் என்ன தெரியுமா? அந்த நாலு பேக்கேஜும் அந்த லைப்ரரியோட அறிமுகப் பக்கத்திலேயே ஒரே வரியில் இருக்கு. டெபியனா உபுண்டுவா, இதை அடின்னு. அதாவது எழுதினவங்களுக்குத் தெரியும். அந்த வரி எரர் வர்ற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். காலேஜ் நோட்ஸிலும் இல்லை. லேபில் எல்லாம் முன்னாடியே போட்டு வச்சிருக்கறதால அங்கே ஓடும். வீட்டில் வந்து உட்கார்ந்தா உடையும்.

இத்தனைக்கும் கம்பைல் பண்ணியே வச்ச 'வீல்' என்ற வடிவம் பைத்தானுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 2016-லேயே லினக்ஸுக்கும் பொது வீல் போட வழி பண்ணிட்டாங்க. ஆனா இந்த லைப்ரரிக்கு விண்டோஸில் வீல் கிடைக்குது. லினக்ஸ்காரங்க சோர்ஸை எடுத்து அவங்களே கம்பைல் பண்ணணும். விண்டோஸ்காரங்களும் ரொம்ப நிம்மதின்னு நினைச்சுடாதீங்க. புதுப் பைத்தான் வந்த சூட்டோட போட்டுட்டா, பல லைப்ரரிக்கு அதுக்கேத்த வீல் இன்னும் வந்திருக்காது. உடனே 'விஷுவல் சி++ 14.0 வேணும்'னு நிக்கும். அது ஜிபி கணக்கில் டவுன்லோட். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் படிக்கிற பிள்ளை அன்னைக்கு டேட்டாவுக்கு எங்கே போகும்? 2023 அக்டோபரில் பைத்தான் 3.12 வந்தப்போ, பேக்கேஜ்களை பில்ட் பண்ணப் பைத்தானோடவே வந்துக்கிட்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்துட்டாங்க. முன்கூட்டியே சொல்லித்தான் எடுத்தாங்க. ஆனா பழைய பாடங்களை யார் திருத்தினாங்க?

எனக்குக் கோபம் கம்ப்யூட்டர் மேல இல்லீங்க. 'பார்மட் பண்ணு'ன்னு சொல்ற பழக்கத்து மேல. எரரைப் படிக்கக் கத்துக் குடுக்காம, ஓடுற கோடை மட்டும் கத்துக் குடுக்கிறோமே, அது மேல. சிவப்பா எது வந்தாலும் தன் தப்புன்னு ஒரு பிள்ளை நினைச்சுக்குது. அறுபது வரி இங்கிலீஷைப் பார்த்துப் பயந்து, கடைசி வரியை மட்டும் காப்பி பண்ணித் தேடுது. கடைசி வரியில் பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. உண்மையான காரணம் நடுவில், 'ஃபேட்டல் எரர்' இல்லைன்னா 'நாட் ஃபவுண்ட்'னு முதல்ல வர்ற இடத்தில் கிடக்கும். இதை எந்த லேபில், எந்தப் பீரியடில் சொல்லிக் குடுக்கிறாங்க?

அன்னைக்குப் பதினொன்றே முக்காலுக்கு இன்ஸ்டால் ஆச்சு. பார்மட் பண்ணலை. அவளுக்குச் சந்தோஷம்; ஆனா வீணாப்போன மூணு ராத்திரியை யார் திருப்பித் தருவா?

இதைப் படிக்கிறவங்கள்ல லைப்ரரி எழுதுறவங்க இருப்பீங்க, லேப் எடுக்கிறவங்க இருப்பீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். புதுசா உபுண்டு போட்ட ஒரு மெஷினில் உங்க இன்ஸ்டால் வரியை ஒரு தடவை நீங்களே அடிச்சுப் பாருங்க. எங்கே நிக்குதோ, அங்கே என்ன பேக்கேஜ் போடணும்னு பேரைச் சொல்லி எழுதி வைங்க.