கந்தளாய்க் குளக்கட்டில் ஒரு பகல்

விடுமுறை நாள் ஒன்று கிடைத்துவிட்டால், கடற்கரைக்குப் போவோம் என்று பிள்ளைகள் கேட்பதும், கோவிலுக்குப் போவோம் என்று பெரியவர்கள் கூறுவதும் எங்கள் வீடுகளில் வழக்கமாக நிகழ்வதே. இரு சாராரையும் ஒருங்கே திருப்திப்படுத்தக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது குளக்கட்டுத்தான் என்பது எமது நெடுநாளைய அபிப்பிராயம். நிழலும் நீரும், காற்றும் பறவைகளும், பழங்கதையும் பக்கத்திலே ஒரு கோவிலும் அங்கே அதிக செலவின்றிக் கிடைக்கும். ஆதலால், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றிலே, கட்டுச்சோற்றுடன் திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் புறப்பட்டோம்.

கண்டி வீதி வழியாக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். புகையிரதத்தில் வருவோர் கந்தளாய் நிலையத்திலேயே இறங்கலாம். வழியிலே தம்பலகாமத்து வயல்கள் பெரும்போக விளைச்சலாற் பொன்னிறங் கொண்டிருந்தன. அந்த நெல் கந்தளாய்க் குளத்து நீருண்டு வளர்ந்தது என்பதையும், திருகோணமலை நகரத்துக் குழாய்களில் வரும் நீரும் அக்குளத்தினின்றே வருகின்றது என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறினோம். "அப்படியென்றால் நாங்கள் நாள்தோறும் கந்தளாய்க் குளத்திலா குளிக்கிறோம்?" என்று எம்முடன் வந்த சிறுமி ஒருத்தி கேட்டாள். அக்கேள்வியில் உண்மை இல்லாமலில்லை.

கட்டின் மேலேறி நின்றபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒருபுறம் காடு தொடும்வரை நீர். மறுபுறம் மரங்களுக்கிடையே வீட்டுக்கூரைகளும் வயல்களும். நடுவிலே நீண்டு கிடக்கின்றது கட்டு. அதன் நீளம் ஏறத்தாழ 14,000 அடி. உயரம் 50 அடிக்கு மேல். நீர்க்காகங்கள் பட்ட மரக்கொம்புகளிற் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. தொலைவிலே தோணியொன்றில் இருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தனர்.

இத்துணைப் பெரிய கட்டை யார் கட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்கு எம்மவரிடையே இரண்டு விடைகள் உண்டு. குளமும் கோட்டமும் அமைத்தமையாற் குளக்கோட்டன் எனப் பெயர்பெற்ற மன்னன், கோணேசர் கோவிலின் வயல்களுக்கு நீர்பாய்ச்சும் பொருட்டு இதனைக் கட்டுவித்தான் என்பது திருகோணமலைத் தமிழரின் மரபு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவன் திருப்பணிகளைப் பேசுகின்றது. அவனுக்கு மனைவியாகிய ஆடகசவுந்தரி பூதங்களை ஏவிக் கட்டு வேலையை முடித்தாள் என்று வழிவழியாகக் கூறுவர். பார்வையிழந்த அரசனொருவன் இவ்விடத்திலே கண் தழைக்கப்பெற்றான் என்றும், அதனால் இவ்விடம் கண்தழை எனப் பெயர்பெற்றுக் கந்தளாய் ஆயிற்றென்றும் ஒரு கதை வழங்குகின்றது.

மற்றைய விடை சூளவம்சத்தின் வழி வருவது. ஏழாம் நூற்றாண்டிலே அநுராதபுரத்திலிருந்து ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டிய குளம் இதுவென்றும், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு இதனைப் பெருப்பித்தான் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். மாத்தளை மலைகளில் ஊறும் அம்பன் கங்கையின் நீர் எலஹெரவிலே மறிக்கப்பட்டு, மின்னேரியாவுக்கு வந்து, அங்கிருந்து கால்வாய் வழியே கந்தளாயை அடைகின்றது. ஒரு குளத்தை மற்றொரு குளத்துடன் இணைத்துக் காடும் மேடும் கடந்து நீரைக் கொண்டுவந்த அக்காலத்தவரின் கணிப்பு இன்றைய பொறியியலாளரையும் வியக்கவைப்பது.

கற்கள் கூறுவனவும் உண்டு. கந்தளாய் ஒரு காலத்திலே அந்தணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலம். இப்பகுதியிலுள்ள பளமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று முதலாம் விசயபாகுவின் 42-ஆம் ஆட்சியாண்டுக்குரியது. விசயராச ஈச்சரம் என்ற சிவன்கோவிலுக்குத் தன் கணவன் நினைவாக ஓர் அந்தணப் பெண் செய்த தருமத்தை அது கூறுகின்றது. சிங்கள மன்னன் பெயர் தாங்கிய சிவன்கோவில். அதன் தருமத்தைப் பொறித்த தமிழ்ச் சாசனம். நூறாண்டு கழிந்தபின் நிசங்கமல்லனும் இங்கே கற்பீடக் கல்வெட்டொன்றை விட்டுச் சென்றான். குளம் தமிழருடையதா சிங்களவருடையதா என்று வாதிட வருவோர் இக்கற்களை முதலில் வாசித்துப் பார்ப்பது நன்று.

இவ்வாறெல்லாம் பிள்ளைகளுக்கு உபதேசித்தபின் எமக்குத் தேநீர் வேண்டியிருந்தது. கட்டின் சரிவிலே காற்று மறைவான இடமொன்றைத் தெரிந்து, அடுப்பு மூட்டுவதற்காக எம்முடன் வந்த இளைஞர் கிடங்கு கிண்டத் தொடங்கினார். ஒரு சாண் ஆழம் ஆகியிருக்கும். கீழேயிருந்து முதியவர் ஒருவர் மெல்ல மேலேறி வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கோபமின்றியே பேசினார்.

"தம்பி, அடுப்பைக் கீழே என்ரை வளவிலே மூட்டுங்கோ. விறகும் தாறன். கட்டிலே மட்டும் கிண்டாதையுங்கோ."

எமக்கு வெட்கமாயிருந்தது. குளத்தின் சரித்திரத்தை இரண்டு மணி நேரம் பேசிய நாமே அதன் உடம்பிலே துளை போட்டுக்கொண்டிருந்தோம். கிண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு மிதிக்கும்படி பிள்ளைகளிடம் கூறிவிட்டு அவருடன் இறங்கினோம். வளவிலே கேத்தில் கொதிக்கும்வரை அவர் கூறியதையே இங்கே எழுதுகின்றோம்.

1986-ஆம் ஆண்டு சித்திரை மாதம். புத்தாண்டு கழிந்து ஒரு வாரம். ஏப்ரல் 20-ஆந் திகதி, ஞாயிறு விடியுமுன் மூன்று மணியளவிலே கந்தளாய்க் கட்டு உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஊர்களின் மேல் நீர் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடும் வயலும் இழந்தன. கட்டின் மேற் பாரமான வாகனங்கள் ஓடியமையும் உடைப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 1987-இல் கட்டு மீண்டும் கட்டிமுடிக்கப்பட்டது. இவை யாவரும் வாசித்து அறியக்கூடியவை.

முதியவர் கூறியது வேறு. இடி முழங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டதாம். மழையென்று எண்ணி மறுபடி கண்மூடினாராம். அடுத்த கணம் கட்டில் மிதந்தது. பலாமரமொன்றைப் பற்றியதால் அவர் பிழைத்தார். அடுத்த வளவிலிருந்த தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பிழைக்கவில்லை. "வெளிச்சம் வந்தாப்போலை பார்த்தால், குளத்திலே தண்ணியில்லை, ஊரெல்லாம் தண்ணி" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

அன்றுமுதல் மாலைதோறும் கட்டின் அடிவாரத்தில் நடந்து பார்ப்பது அவர் வழக்கம். எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டோம். எம்மை அழைத்துச் சென்று காட்டினார். மண்கட்டு எதுவாயினும் சிறிது கசியும். கசிவு தெளிந்த நீராயிருந்தாற் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. அது கலங்கலாய் வந்தால், உள்ளிருந்து மண் அரித்து வருகின்றது என்பது பொருள். உடனே நீர்ப்பாசனக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். வெயிற்காலத்திலே புல் ஓரிடத்தில் மட்டும் பச்சையாயிருந்தால் அங்கே ஈரம் உண்டென்று அறியலாம். எலி வளைகள், புற்றுகள், கட்டிலே முளைத்துப் பருக்கும் மரங்கள் ஆகியனவும் கவனிக்கப்பட வேண்டியவை. மரம் பட்டபின் வேர் உக்கி, நீருக்கு வழி விட்டுவிடும். பூதங்கள் கட்டிய கட்டாயினும் அரசர்கள் கட்டிய கட்டாயினும், அதைக் காப்பது இத்தகைய சிறு கவனங்களே என்பது எமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

தம்பலகாமத்து மக்கள் முற்காலத்திலே கந்தளாய்க் கட்டிலே வேள்வி செய்துவந்தனர் என்பதை நாம் அறிவோம். அதை மழை வேண்டிச் செய்த சடங்கென்றே இதுவரை எண்ணியிருந்தோம். இப்பொழுது வேறொன்றும் தோன்றுகின்றது. குளத்து நீரை உண்பவர்கள் எல்லோரும் கட்டுக்கு வந்து, அதைக் கண்ணாற் பார்த்து, அதற்கு மரியாதை செய்து செல்வதற்கு அவ்வேள்வி ஒரு வாய்ப்பாகவும் இருந்திருக்கும். இன்று அந்த நீர் எமக்குக் குழாயில் வருகின்றது. அரிசி மூட்டையில் வருகின்றது. கட்டைப் பார்க்க வேண்டிய தேவை எமக்கு இல்லாமற் போய்விட்டது. உல்லாசமாக வருகின்ற நாமோ நீரின் அழகைப் பார்த்துவிட்டு, போத்தல்களையும் அடுப்புக் கிடங்குகளையும் கட்டிலே விட்டுச் செல்கின்றோம். கட்டின் கீழே வாழ்பவர்தாம் அவற்றை மூட வேண்டியிருக்கின்றது.

ஆயினும், போகவேண்டாம் என்று நாம் கூறமாட்டோம்; கட்டாயம் போய்ப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே குளம் நிறைந்திருக்கும் நல்ல காலம். ஆவணியிலே நீர் வற்றி அடி தெரியும். துருசுக்கு அண்மையிற் குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாய்த் தோன்றும் நீர் கீழே ஆளை இழுக்கும். பொழுது சாயுமுன் புறப்பட்டுவிடுங்கள். அப்பகுதியிலே யானைகள் நடமாட்டம் உண்டு. வாகனத்தைக் கட்டின் மேலே ஏற்றாது கீழே நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். சமையலைக் கட்டுக்குப் புறம்பான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயலையும் வீடுகளையும் பார்த்தபடி அரைமணி நேரம் நடந்தாற் பிள்ளைகளுக்குக் குளம் என்பது என்னவென்று விளங்கிவிடும். கலங்கல் நீர் கசியக் கண்டால், உரியவர்களுக்கு அறிவியாமல் வீடு திரும்பாதீர்கள்.

நாம் விடைபெற்றபோது முதியவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொய்யாப்பழம் கொடுத்தனுப்பினார். எம்முடன் வந்த சிறுமி மறுநாட் காலை குழாயடியிலே முகம் கழுவியவாறு தாயிடம் கேட்டாளாம்: "அம்மா, அந்தத் தாத்தா இன்றைக்கும் கட்டைப் பார்க்கப் போவாரா?"

போவார் என்றே தாயும் கூறினாராம். குழாயை இறுக மூடிவிட்டு அவள் பள்ளிக்கூடம் போனாள்.