பூ பட்டனை அமுக்குங்க பாஸ்!

இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் கிட்டக்க... ரொம்பவே கிட்டக்க. 5 சென்டிமீட்டர்!

வீட்டு பீரோவுல அக்கா கல்யாணத்துக்கு வாங்கின டிஜிட்டல் கேமரா ஒண்ணு தூங்கிட்டு இருக்கும் பாருங்க. சட்டைப் பாக்கெட் சைஸ், வெள்ளி கலர், ‘7 மெகாபிக்ஸல்’னு நெத்தியில எழுதியிருக்கும். அதைத் தேடி எடுங்க. பழைய லுக்ல செல்ஃபி எடுத்து இன்ஸ்டாவுல போடறதுக்கு இல்லை. மூக்குத்தி, எறும்பு, சர்க்யூட் போர்டுன்னு சின்னச் சின்ன சமாச்சாரங்களை ஷார்ப்பா எடுக்க, அது இன்னிக்கும் செம கருவி! ‘அதான் போன்லயே மேக்ரோ இருக்கே’ம்பீங்க. பட்ஜெட் போன்கள்ல அந்தப் பேர்ல ஒட்டி வந்த லென்ஸ் பலதும் 2 மெகாபிக்ஸல்தான். அதுலயும் நிறைய லென்ஸுக்கு ஃபோகஸே நகராது. காஸ்ட்லி போன் வேற கதை. நம்ம பர்ஸுக்கு சம்பந்தமில்லாத கதை.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கறவங்களுக்கு எங்க மெக்கானிக்கல் சீனியர் ஒருத்தரோட சோகம். வாழை நார் காம்போஸிட்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அஞ்சு பீஸ் செஞ்சு, லேப் மெஷின்ல மாட்டி இழுத்து உடைச்சாங்க. அதுல ஒண்ணு மட்டும் வித்தியாசம். நார் அறுந்து போகாம, ரெஸினை விட்டு அப்படியே உருவிக்கிட்டு வெளியே வந்திருந்தது. ப்ராஜெக்ட்டோட உயிரே அந்த இடம்தான். அண்ணன் ஃபுல் ஜூம் போட்டு, ஃப்ளாஷ் அடிச்சு நாலு போட்டோ எடுத்தார். கேமரா ஸ்க்ரீன்ல பார்த்தா சூப்பர்! ரிவ்யூ அன்னிக்கு ப்ரொஜெக்டர்ல பார்த்தா, வெள்ளையா ஒரு பஞ்சு மூட்டை! பீஸைத் தேடினா, லேபைப் பெருக்கறப்ப குப்பைக்குப் போயாச்சு. ‘நார் உருவினதுக்கு ஆதாரம் எங்கப்பா?’ன்னு கேட்டாங்க. பதில் இல்லை. அந்தப் பகுதியை ரிப்போர்ட்லேர்ந்தே எடுக்க வேண்டியதாப் போச்சு. உடைஞ்ச பீஸை மறுபடி உடைக்க முடியுமா பாஸ்?

முதல் வில்லன் ஜூம். கிட்டக்க காட்டணும்னா ஜூம் போடணும்னு நம்ம கை தானா பழகிடுச்சு. காம்பேக்ட் கேமரா கதையே தலைகீழ். 2007-ல வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐ.எஸ்.ஸை எடுத்துக்கங்க. மேக்ரோ மோடுல, ஜூமே போடாம, பொருளுக்கு 5 செ.மீ. வரைக்கும் போகலாம். ஃபுல் ஜூம் போட்டா 30 செ.மீ. தள்ளி நிக்கணும். அதை விட்டுக் கிட்டப் போனா ஃபோகஸ் கிடைக்கவே கிடைக்காது. கணக்குப் போட்டா, 5 செ.மீ.ல ஜூம் இல்லாம எடுக்கற படம்தான் பெரிசு. 2005-ல வந்த ஏ620 இன்னும் மோசம்... ஸாரி, இன்னும் பாசம். 1 செ.மீ. வரைக்கும் போகும்! இந்த மோடுக்குள்ள போக, பின்னாடி குட்டியா ஒரு பூ படம் போட்ட பட்டன் இருக்கும். அதை அமுக்கலைன்னா நம்ம ஏ570-க்கு 45 செ.மீ.க்கு உள்ளே இருக்கறது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டிஜிட்டல் ஜூம்னு இன்னொண்ணு இருக்கும். அது படத்தை வெட்டிப் பெரிசு பண்ற வேலை. மெனுவுக்குப் போய் ஆஃப் பண்ணிடுங்க.

உங்க கேமராவோட மேனுவல் தொலைஞ்சு போச்சா? ஒர்க்‌ஷாப் ஸ்டீல் ஸ்கேல் போதும். அதை ஒரு புத்தகத்து மேல சாய்ச்சு வெச்சு, பூ மோடுல நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் பண்ணி ஒரு க்ளிக். கொஞ்சம் கிட்டப் போய் இன்னொண்ணு. ஃபோகஸ் வராம கேமரா முரண்டு பிடிக்கிற வரைக்கும் எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. எத்தனை மி.மீ. கோடு தெளிவா இருக்கோ அவ்வளவுதான் உங்க எல்லை. கிட்டப் போகப் போக அது சில மில்லிமீட்டருக்குச் சுருங்கிடும். அதனாலதான் தட்டையான பொருளைச் சாய்ச்சுப் பிடிச்சு எடுத்தா பாதி தெளிவு, பாதி மேகம். லென்ஸுக்கு நேரா, இணையா வைங்க. எறும்புன்னா கண்ணுக்கு ஃபோகஸ். மிச்சம் மங்கினாப் பரவாயில்லை.

அப்பர்ச்சரைச் சுருக்கினா ஆழம் கூடும்னு படிச்சவங்க எஃப் 8-க்கு ஓடுவாங்க. கொஞ்சம் நில்லுங்க! இந்தக் குட்டி சென்ஸார்ல ஒரு பிக்ஸல் 2 மைக்ரானுக்கும் கம்மி. எஃப் 8-ல ஒளி வளைஞ்சு விழற புள்ளியே 10 மைக்ரான் தாண்டும். (ஃபிஸிக்ஸ் லேபில தூங்காதவங்களுக்கு டிஃப்ராக்‌ஷன் ஞாபகம் வரும்.) மொத்தப் படமும் லேசா சொதசொதன்னு ஆகிடும். செட் பண்ற வசதி இருந்தா எஃப் 4 பக்கத்துல வைங்க. சின்ன சென்ஸாருக்கு அதுலயே ஆழம் தாராளம்.

அடுத்து, பட்டனை முழுசா ஒரே அமுக்கு அமுக்காதீங்க. பாதி அமுக்கினா லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, கறுப்பு வெள்ளை ஓரம் எங்கே பளிச்னு தெரியுதோ அங்கே நிக்கும். பச்சைக் கட்டம் வந்தப்புறம் மீதியை அமுக்குங்க. வழவழன்னு ஓரமே இல்லாத பொருள்னா கேமரா திணறும். அதே தூரத்துல ஒரு பேப்பர் துண்டை வெச்சு, அச்சடிச்ச எழுத்துல ஃபோகஸ் பூட்டிட்டு, பாதி அமுக்கின விரலை எடுக்காம பேப்பரை நகர்த்திடுங்க. முகம் தேடற மோடையும் நிறுத்திட்டு நடுப்புள்ளிக்கு மாத்துங்க. எறும்புக்கு எதுக்கு ஃபேஸ் டிடெக்‌ஷன்?

இவ்வளவு பண்ணியும் மங்குதுன்னா கை நடுக்கம்தான். பூட்டினப்புறம் உடம்பு ஒரு நூல் முன்னாடி சாய்ஞ்சாலும் போச்சு! ட்ரைபாட் வேணாம். அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில கட்டி, அது மேல கேமராவை உக்கார வைங்க. 2 செகண்ட் டைமர் போட்டுட்டுக் கையை எடுத்துடுங்க. பட்டன் அமுக்கின அதிர்வு அடங்கினப்புறம்தான் க்ளிக் ஆகும். ஐ.எஸ்.ஓ. 100-ஐ விட்டு ஏறவே வேணாம். பூச்சிக்கு மட்டும் இந்த வித்தை செல்லாது. அதுக்கு விடிகாலைல போங்க. குளிர்ல உடம்பு சூடேறாம அசையாம உக்காந்திருக்கும். ஹாஸ்டல்ல அந்த நேரத்துக்கு எந்திரிக்கறது உங்க சாமர்த்தியம்.

ஃப்ளாஷ்? வேணவே வேணாம். 5 செ.மீ.ல லென்ஸ் குழாயே குறுக்கே நின்னு பாதிப் படத்துல நிழல் அடிக்கும். மிச்சப் பாதி வெளுத்துடும். ஜன்னல் ஓரம் போங்க. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் துண்டு. சால்டர், நகை மாதிரி மின்னற சாமான்னா, வெளிச்சம் வர்ற பக்கம் ட்ரேஸிங் பேப்பர் பிடிங்க. உடைஞ்ச பரப்புக்கு மட்டும் நேர்மாறு. பேப்பரை எடுத்துட்டு, டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டுல அடிங்க. மேடு பள்ளம் எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும். அண்ணனோட வாழை நார் இப்படித்தான் பிழைச்சிருக்கும்.

எடுத்த உடனே ப்ளேபேக்ல பெரிசு பண்ணிப் பாருங்க. ரெண்டரை இன்ச் ஸ்க்ரீன் எல்லாத்தையும் ஷார்ப்பாக் காட்டி ஏமாத்தும். லேப் பீஸ்னா, பக்கத்துலயே ஸ்கேலை வெச்சு ஒண்ணு எடுத்துக்கங்க. படம் சரியா வந்திருக்குன்னு பார்த்துட்டு, அப்புறமா பீஸைத் திருப்பிக் குடுங்க.

‘அவ்வளவு கிட்டப் போனா பட்டாம்பூச்சி பறந்துடுமே’ங்கறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. கண்ணாடிக் கடையில +4 பவர் லென்ஸ் ஒண்ணு கேளுங்க. ஃபுல் ஜூம் போட்டு, கேமராவுக்கு முன்னாடி அதைக் கையால ஒட்டிப் பிடிங்க. 30 செ.மீ. தள்ளி நின்ன நம்ம ஏ570 இப்போ 14 செ.மீ. கிட்ட ஃபோகஸ் ஆகும். படமும் 5 செ.மீ.ல கிடைச்சதை விடப் பெரிசு! ஓரம் கொஞ்சம் குழையும், நடுவுல அட்டகாசமா இருக்கும். டேப் போட்டு லென்ஸ் குழாய்ல மட்டும் ஒட்டிடாதீங்க. ஆஃப் பண்ணறப்ப உள்ளே இழுக்கிற மோட்டார் ரொம்பப் பாவம், அப்புறம் அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.