மண்ணிறம் பூசினால் மண்வீடு ஆகிடுமா?

மண்வீட்டை இடிக்கேக்க "வசதியில்லாதவையின்ர வீடு" எண்டு சொன்ன எங்கட சமூகம்தான், இப்ப சீமெந்துச் சுவருக்கு மண்ணிறம் தேடி கலர் அட்டை புரட்டுது. நிறத்தோட எங்களுக்குச் சண்டை இல்லை. நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டின்ர அறிவைக் கைவிட்டதோடதான் சண்டை.

மண்வீடு குளிர்ந்தது நிறத்தால் அல்ல. தடித்த சுவராலும் தாழ இறங்கிய ஓலைக்கூரையாலும். மெல்லிய சீமெந்துக்கல் சுவருக்குக் கடும் மண்ணிறம் அடிச்சால் அது வெயிலைக் குடிக்கும். மேற்குச் சுவரோரம் படுக்கிறவைக்கு இரவிலயும் புழுக்கம்தான். பல கலர் அட்டைகளில் எல்.ஆர்.வி. எண்டு 0 முதல் 100 வரை ஓர் எண் இருக்கும். அது குறையக் குறைய, பெரும்பாலும் சுவர் கூடுதலாகச் சுடும். நாங்கள் நிறத்தின்ர பெயரைத்தான் வாசிக்கிறம், எண்ணை வாசிக்கிறேல்லை.

சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் மழைக்குச் செம்பாட்டு மண் தெறிக்கிற அடிச்சுவருக்கு மண்ணிறம் அடியுங்கோ, கறை தெரியாது. வெயில் விழுகிற மேல்சுவரை வெளிர் நிறமாக விடுங்கோ.

இன்னும் மண்வீட்டில இருக்கிறவையை இளக்காரமாப் பார்த்துக்கொண்டு, அவையின்ர சுவரின் நிறத்தை 'இயற்கை' எண்டு கொண்டாடுறது ரசனை இல்லை. களவு.