யார் மீட்டரில் ஓடுகிறது இந்தச் சுரங்கம்?

ஒரு சொல் எவ்வளவு பெரிய பொய்யைச் சுமக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு 'மைனிங்'. தமிழில் அதைச் சுரங்கம் என்கிறார்கள், அகழ்தல் என்கிறார்கள். நெய்வேலியில் தோண்டினால் பழுப்பு நிலக்கரி வருகிறது. கோலாரில் தோண்டியபோது தங்கம் வந்தது. பிட்காயின் சுரங்கத்தில் நடப்பதோ எண் ஊகம்: ஷா-256 என்னும் கணக்கு விதியில் எண்களை இட்டு இட்டுப் பார்த்து, விடை ஒரு வரம்புக்குள் விழும்வரை முயல்வது. வென்றவருக்குப் பரிசு, தோற்ற மற்றெல்லாருடைய முயற்சியும் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. குலுக்கல் சீட்டு என்று பெயர் வைத்திருந்தால் நம்மவர்கள் ஒதுங்கிப் போயிருப்பார்கள். சுரங்கம் என்றதும் வீட்டில் இடம் ஒழித்துக் கொடுக்கத் தயாராகிறார்கள்.

திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்தார். பிட்காயினுக்கான முதல் அறிக்கை இணையத்தில் வெளியானது அதே ஆண்டு அக்டோபர் 31-இல். எந்தக் கருவியைக் கண்டாலும் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று தமிழிலேயே கேட்கப் பழக்கியவர் அவர். அந்தப் பழக்கத்தின் இடத்தில் இன்று யூடியூப் உபதேசங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மின்சாரம் மலிவு, பிள்ளைகள் வெளிநாட்டில், அறைகள் காலி, ஆகவே வீட்டிலேயே சுரங்கம் வையுங்கள் என்பது உபதேசத்தின் சாரம். அதை அவர் ஊர் வீடு ஒன்றிலேயே வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் மின்சாரம். 2020-இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்19 என்ற இயந்திரம் நொடிக்கு 95 லட்சம் கோடி ஊகங்கள் செய்யும். அதற்கு 3,250 வாட் வேண்டும். இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் 4,680 யூனிட். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்ததல்லவா? அந்த நூறையும் இவ்வியந்திரம் 31 மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 80 காசு. அந்தக் கட்டணப்படி கூட்டினால் இரு மாத மின்கட்டணம் ஏறத்தாழ 50,000 ரூபாய்.

வரவு என்ன? 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகக் குறைந்தபின் உலகம் முழுவதற்குமாக நாளொன்றுக்குப் பிறக்கும் புது நாணயங்கள் சுமார் 450. 2025-இல் இந்தப் போட்டியின் மொத்த வேகம் நொடிக்கு ஒரு செட்டாஹாஷை எட்டியது. அதாவது, நம் இயந்திரத்தைப் போன்ற ஒரு கோடியே ஐந்து லட்சம் இயந்திரங்களுக்குச் சமமான பலம். அவற்றில் ஒன்றுக்கான பங்கு இரண்டு மாதத்தில் 0.00257 நாணயம். ஒரு நாணயம் ஒரு கோடி ரூபாய்க்கு விற்றாலும் 25,700 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்தின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. சுரங்கம் அமைத்த செலவைக் கொள்முதல் விலையாகக் கழிக்க முடியாது என்றும் அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. ஐம்பதாயிரம் கொடுத்து இருபத்தைந்தாயிரம் வாங்கி, அதற்கும் வரி கட்டும் வணிகம் இது. இயந்திரத்தின் விலையை நாம் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அடுத்தது இடம். இயந்திரம் சிறிய பெட்டிதான். பெஞ்சின் மேல் வைத்துவிடலாம். இடம் கேட்பது அதன் வெப்பம். உண்ணும் மின்சாரம் அனைத்தையும் அது வெப்பமாகவே திருப்பித் தருகிறது. அதை அறையிலிருந்து வெளியேற்றவே ஒரு டன் ஏசி ஒன்று ஓயாமல் ஓட வேண்டும். அதற்கும் தனியே மின்சாரம். குளிர்தேசத்தில் அந்த வெப்பம் வீட்டைக் கதகதப்பாக்கும். சித்திரை வெயிலில் திருச்சி வீட்டுக்கு எதற்கு? உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள பழைய வீடுகள் பக்கச் சுவரோடு பக்கச் சுவர் ஒட்டியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் செல்லும் அவ்வீடுகளில் காற்று போக வழி வாசல், முற்றம், கொல்லை மட்டுமே. விசிறியின் இரைச்சல் 75 டெசிபல். குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்போ 45. விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த பழைய கம்பியில் 15 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் நாள் முழுதும் ஓடினால் முதலில் சூடாவது இணைப்புகள். தெருவின் மின்மாற்றி அந்த வீட்டுக்கு மட்டும் உரியதும் அன்று.

சூரிய மின்தகடு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நாலு யூனிட் தரும். இயந்திரம் கேட்பது 78. அதற்கு ஏறக்குறைய 20 கிலோவாட், அதாவது நிழலற்ற 2,000 சதுர அடி மொட்டைமாடி வேண்டும். வழக்கமான மூன்று கிலோவாட் தகடு அதை நான்கு மணி நேரம்கூட ஓட்டாது. அந்த மின்சாரத்தை வீட்டுக்கே செலவழித்தால் கட்டணமாவது குறையும்.

ஆனாலும் சிலர் லாபம் பார்ப்பதாகச் சொல்கிறார்களே? நம் வாதத்தின் மையம் இதுதான். நம் ஊர்க் கட்டணத்தில் வீட்டுச் சுரங்கம் லாபம் தர வேண்டுமானால் மின்கட்டணத்தை வேறொருவர் கட்ட வேண்டும். கட்டணமில்லா விடுதி அறை, அலுவலகத்தின் மூலை, மீட்டரைத் தாண்டி இழுத்த கம்பி எதுவாயினும் கணக்கு ஒன்றே. மலேசியாவின் மிரி நகரில் 2021-இல் காவல்துறை 1,069 சுரங்க இயந்திரங்களைச் சாலை உருளை ஏற்றி நசுக்கியது. அவை திருட்டு மின்சாரத்தில் ஓடியவை. நம் நாட்டிலும், அனுமதித்த பயன்பாட்டை மீறி மின்சாரத்தை வேறு வேலைக்குத் திருப்பினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இருமடங்குக் கட்டணம் விதிக்கிறது.

பிட்காயினை வாங்குவோரோடு நமக்குச் சண்டையில்லை. அது அவரவர் பணம். இத்தனை மின்சாரம் தவிர்க்க முடியாதது என்ற வாதத்தைத்தான் ஏற்க மாட்டோம். எத்தேரியம் 2022 செப்டம்பரில் இந்த ஊகப் போட்டியையே கைவிட்டு, தன் மின்செலவை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்துக்கொண்டது. அதை நம்பிக் கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கியவர்களுக்கு அடுக்கு மட்டும் மிஞ்சியது.

திருவெறும்பூரில் செய்த கொதிகலன்கள் நாட்டின் பல அனல்மின் நிலையங்களில் எரிகின்றன. அப்படிப்பட்ட திருச்சியே 2012-இல் நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்தது. ஒரு யூனிட்டின் அருமை இந்த ஊருக்குத் தெரியாததன்று. இருவர் மட்டும் வாழும் முதியோர் வீட்டில் நூறு யூனிட் என்பது இரண்டு மாதத்து விளக்கும் மின்விசிறியும். அரசு கருவூலத்திலிருந்து கொடுக்கும் அந்தச் சலுகையை ஒன்றேகால் நாளில் சூடான காற்றாக்கும் பெட்டிக்குத் தொழில்முனைவு என்று பட்டம் சூட்ட நாம் தயாராக இல்லை.

வீட்டுச் சுரங்கத்தில் லாபம் கண்டேன் என்று இனி யாரேனும் சொன்னால், நாணயம் என்ன விலை என்று விசாரிக்க வேண்டாம். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.