அடுத்த பதிப்பில் தமிழ்

யாருக்காக எழுதுகிறாய் என்று எழுத்தாளனைப் பார்த்துக் கேட்கக் கற்றவர்கள் நாம். அதே கேள்வியை மென்பொருள் ஆக்குவோரைப் பார்த்தும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மென்பொருளைப் பூட்டிவைத்து விற்கும் பெருமுதலாளியிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. இலாபத்துக்காக என்பதே அவன் விடை. ஆனால், மூலநிரலை மறைக்காது உலகின்முன் விரித்துவைத்து, எவரும் பயன்படுத்தலாம், எவரும் ஆராயலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறர்க்கு வழங்கலாம் என்று முழங்கும் திறந்த மூல மென்பொருள் இயக்கத்தாரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. 'எவரும்' என்ற அந்தச் சொல்லுக்குள் கொக்கிளாய்க் கடற்றொழிலாளி அடங்குகிறாரா?

இதற்கு விடை கொள்கை அறிக்கைகளில் கிடைக்காது. புதிய பதிப்பொன்றைத் திட்டமிடும் தாளில்தான் கிடைக்கும். எந்த வசதிகள் சேரும், எந்த வழுக்கள் நீங்கும், எந்த நாளில் வெளியீடு என்று அங்கேதான் வரிசைப்படுத்துகிறார்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாக, திரையில் தோன்றும் சொற்களை இனி மாற்றுவதில்லை என்று நிறுத்தி, அவற்றை மொழிபெயர்ப்பாளர் கையில் ஒப்படைப்பது நல்ல திட்டங்களின் வழக்கம். அவ்விடைக்காலம் சுருங்கச் சுருங்க, சிறு குழுக்களை மட்டுமே உடைய மொழிகள் பின்தங்கும். பயர்பொக்ஸ் உலாவி 2011இல் ஆறு வாரத்துக்கொரு பதிப்பு என்னும் முறைக்கு மாறியது. 2020இல் அது நான்கு வாரமாகக் குறுகியது. சம்பளம் பெறும் நிரலாளருக்கு அது முன்னேற்றமாக இருக்கலாம். பகலெல்லாம் வேறு தொழில் பார்த்துவிட்டு இரவில் மொழிபெயர்க்கும் தொண்டருக்கோ அது மூச்சுவிட நேரமில்லாத ஓட்டம். அந்த ஓட்டத்தில் தமிழ் பின்தங்கும்போதெல்லாம் எழும் குரல் ஒன்றே: "தமிழை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்!"

இதனைச் சிறு குறையென்று ஒதுக்குவோர் ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாட்டுக் கரைகளைச் சூறையாடியது. முல்லைத்தீவுக் கரையில் மட்டும் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். அடுத்த சில வாரங்களுக்குள் கொழும்பிலிருந்த கணினித் தொண்டர்கள் சஹானா என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவேடு இருந்தது. 2005இன் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2010இன் ஹெயிட்டி நிலநடுக்கம் ஆகியவற்றின்போதும் அது கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இலாபங் கருதாத கூட்டுழைப்பு எத்துணை உயரம் எட்டும் என்பதற்கு அது சான்று. அதனை ஆக்கியோரை நாம் மதிக்கிறோம். பின்வந்த அதன் பதிப்பு வரிசையொன்றுக்கு அகஸ்தி என்று பெயர். தமிழ் இலக்கணத்தின் முதல்வரென மரபு போற்றும் அகத்தியரை அப்பெயர் நமக்கு நினைவூட்டுகிறது. ஆனால் பெயரில் அகத்தியர் இருந்தாற் போதுமா? இத்தகைய பதிவேடு எதுவாயினும் அதனுள்ளே தமிழின் இலக்கணமும் செல்லுபடியாக வேண்டாமா?

கொக்கிளாய் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், நீரேரியும் கடலும் அணைந்துகிடக்கும் ஊர் இது. 1984 டிசம்பரில், அயலிலுள்ள கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களோடு இவ்வூர்த் தமிழ் மக்களும் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னரே மீண்டனர். அந்நெடுங்காலத்தில் எத்தனை பட்டியல்களில் அவர்களின் பெயர்கள் ஏறி இறங்கின! முகாம்ப் பட்டியல், உலருணவுப் பட்டியல், காணாமற்போனோர் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் அரிசி உண்டு, இல்லையேல் இல்லை. 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பெயர்களைத் தேடுவோர் இன்னும் வாழ்கின்ற மண் இது.

'கொக்கிளாய்' ஐந்தெழுத்துச் சொல்லென்று ஆறாந்தர மாணவனும் சொல்வான். யூனிகோட் முறையில் கணினிக்கு அது பத்துக் குறியீடு. இன்று பெருவழக்கான சேமிப்பு முறையில் முப்பது பைட்டு. ஆங்கிலப் பெயரை மனத்திற்கொண்டு, ஊர்ப்பெயருக்கு இருபது பைட்டுப் போதுமென்று இடம் ஒதுக்கிய நிரலில் நம் ஊர் நடுவே அறுந்துபோகும். மேலும், 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். கொம்பு வேறு, கால் வேறாக இரண்டு குறியீடாகவும் இடலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமப்படுத்தும் விதியை நிரலில் எழுதாவிட்டால் கணினிக்கு அவை வெவ்வேறு ஊர்கள். ஓர் ஊரில் தாய் பதியப்படுவாள். மற்றோர் ஊரில் மகன் பதியப்படுவான். இருவரையும் இணைக்க எவருமிலர்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. திரையில் தமிழாய்த் தோன்றுவது, இயந்திரத்தின் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். சரி, ஆங்கில எழுத்திலேயே பெயரைப் பதிந்துவிடலாமே என்பாருமுண்டு. அங்கே லகரமும் ளகரமும் ஒன்றாகும். ரகரமும் றகரமும் ஒன்றாகும். ஒரே பெயரை நான்கு அலுவலர் நான்கு விதமாக எழுதுவர். தேடும் தாய்க்கு எந்த விதம் தெரியும்?

வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றும் தமிழ் கற்றோர் அறிந்தவை. நிரலின் பிழையை இன்று நம் கணினித்துறையினர் வழு என்றே வழங்குகின்றனர், நல்ல ஆட்சி. வழுவேயாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. ஆங்கிலத்தில் தேடிய பெயர் அகப்படவில்லையென்றால் அது வழு, வெளியீடு நிற்கிறது. தமிழில் அகப்படவில்லையென்றால் 'அறிந்த குறைகள்' என்ற பட்டியலில் ஒரு வரி, வெளியீடு நடக்கிறது. நம் மொழி வழங்காமை மட்டும் வழுவமைதியாவது எந்த நூற்பாவின்படி?

இக்குரல் நமக்குப் புதிதன்று. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. தமிழுக்கான விசேட ஏற்பாடுகள் 1958இல் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 வரை காத்திருந்தன. தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பு ஒத்துக்கொண்டது 1987இல். அரசு ஒவ்வொரு முறையும் தமிழை அடுத்த பதிப்புக்குத் தள்ளியது. அதனையே நல்லெண்ணம் படைத்த தொண்டர்களும் தம்மையறியாமற் செய்வதா? சிங்கள எழுத்துக்கும் இதே இருபக்க உயிர்க்குறிச் சிக்கல் உண்டு. ஆகவே நமது வாதம் சிங்களக் கடற்றொழிலாளிக்கும் சேர்த்தேயாகும்.

"நிரல் திறந்தே கிடக்கிறது; வேண்டுமாயின் நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்பது அவர்களது முதல் மறுப்பு. நூலகத்தின் கதவைத் திறந்துவைத்து, எழுத்தறியாதவனைப் பார்த்து உனக்குத் தடையேதுமில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? செய்யத் தமிழிளைஞர் உளர். ஆனால் திட்டம் தீட்டும் மேசையில் அவர்களுக்கு இருக்கை வேண்டும். எல்லாம் முடிந்த பின்பு சொற்பட்டியலை நீட்டுவது பங்கேற்பாகாது.

"காத்திருந்தால் உதவி தாமதமாகும்" என்பது இரண்டாம் மறுப்பு. 2005 சனவரியில் இது நியாயமே. அன்று அரைகுறைப் பதிவேடும் உயிர் காத்திருக்கும். ஆனால் அடுத்த பதிப்பை அமைதிக்காலத்தில் திட்டமிடுவோர்க்கு அந்த அவசரம் சாட்டாகாது. 2025 நவம்பரில் டித்வா புயல் இந்நாட்டை உலுக்கியது. இடர் மீண்டும் வரும். வருமுன் ஆயத்தம் செய்யவே பதிப்புத் திட்டம். டெபியன் இயக்கத்தார் கடுமையான வழுக்கள் தீர்ந்த பின்னரே வெளியிடுவதென்ற கொள்கையால் மதிப்பிழந்தாரல்லர்; உலகின் நம்பிக்கையைப் பெற்றனர்.

நம்மவரிலும் கேட்க வேண்டியவர் உளர். சொல்லாக்கத்தைப் புலமைப் போட்டியாக்கி, அச்சொல்லை ஒரு மீனவப் பெண்ணிடம் ஒருமுறையேனும் படித்துக்காட்டாத பண்டிதரால் மக்களுக்கு என்ன பயன்? சென்னை வழக்கை அப்படியே இங்கு இறக்கினாலும் போதாது. நமக்குப் பிரதேச செயலகம் தெரியும், தாலுகா தெரியாது. கணினி முறைமைகளில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வழக்குத் தெரிவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நிரப்புவது நம் கடன்.

எனவே, மக்கள் பெயரைப் பதியும் எந்தத் திறந்த மூல மென்பொருளின் புதிய பதிப்புக்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. தமிழில் பதிந்த பெயர் தமிழில் தேடிக் கிடைக்காமை, வெளியீட்டை நிறுத்தும் வழுவாகக் கொள்ளப்பட வேண்டும். திரைச் சொற்களை மாற்றாது நிறுத்தும் காலம், தொண்டர் வேலைசெய்யப் போதுமானதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் உழைப்புக்கும் நிரலாளர் உழைப்புக்கு ஒப்ப ஊதியம் ஒதுக்க வேண்டும். பரீட்சைப் பதிப்பைக் கொழும்பு அலுவலகத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தல் ஆகாது. கிராம அலுவலரும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளரும், முகாமில் வரிசையில் நின்று பழகிய ஒரு தாயும் தத்தம் கைத்தொலைபேசியில் அதைச் சோதிக்க வேண்டும்.

அந்தத் தாய் தன் ஊரையும் மகன் பெயரையும் தமிழில் இடட்டும். இட்டது சிதையாமல் சேர்ந்து, தேடியபோது திரும்பி வரட்டும். அதன்பின் நாள் குறியுங்கள்.