மூன்று முறை வந்துபோனவர் கட்டிய ஊரா?

குவீன்ஸ்டவுன் நூலகத்தில் ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார்: சிங்கப்பூரைக் கட்டியவர் ராஃபிள்ஸ், ரெசிடெண்டாக, அதாவது ஊரின் நிர்வாகியாக, இருந்த ஃபார்குவார் சூதாட்ட உரிமம் விற்று ஊரைக் கெடுத்தார்.

இதை நான் ஏற்கவில்லை. ஒன்று: ராஃபிள்ஸ் வந்தது மூன்றே முறை. மொத்தமாகக் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. 1819 முதல் 1823 வரை இங்கேயே இருந்து ஊரை நடத்தியவர் ஃபார்குவார்.

இரண்டு: உரிமம் விற்றார், உண்மை. அபினிக்கும் விற்றார், அந்தக் கேட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் துறைமுகத்தில் சுங்கமே கூடாது என்றது யார்? ராஃபிள்ஸ்தானே? பிறகு காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சூதாட்டத்தை 1823இல் ராஃபிள்ஸ் தடைசெய்தார். ஃபார்குவாருக்கு அடுத்து ரெசிடெண்டாக வந்த கிராஃபர்ட் அதே ஆண்டில் மறுபடி உரிமம் கொடுத்தார். அவரை ஏன் யாரும் திட்டுவதில்லை?

கட்டியது என்கிறீர்களே, செங்கல் யாருடையது? 1819இல் பினாங்கிலிருந்து வந்து சூளை போட்டவர் நாராயண பிள்ளை.