14.2 சதவீதம் யாருக்கு?

கடலைச் சந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நடைக்காக. கட்டுரையாளருக்கு எழுத வருகிறது, அதை மறுப்பதற்கில்லை. இரண்டாம் முறை கணக்குக்காக. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். கடல் யாருக்கும் சொந்தமில்லாததால்தான் அழிகிறது. ஒழுங்காகப் பிடித்த மீனுக்குச் சூழல் முத்திரை குத்தினால் வாங்குபவர் 14.2 சதவீதம் கூடுதலாகத் தருகிறார். அந்தக் காசுக்காக மீனவர்கள் போட்டி போட்டுக்கொண்டு திருந்துவார்கள். திருந்தாதவர்களை உடைமை திருத்தும்: கடலைப் பங்கு போட்டு விற்று வாங்க விட்டால் போதும். அரசும் ஊர்ப் பஞ்சாயத்தும் மீனவர் சங்கமும் நடுவே நிற்கும் தொந்தரவுகள்.

அவர் தரும் ஒரே எண் 14.2. அது பொய்யில்லை. கேத்தி ரோஹைம், ஃபிராங்க் ஆஷே, ஜூலி சான்டோஸ் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. லண்டன் வட்டாரக் கடைகளில் விற்ற அலாஸ்கா பொல்லாக் மீனின் உறைபதனப் பொட்டலங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரு நகரம், ஒரு மீன், கடை அலமாரியில் ஒட்டியிருந்த விலை. இதை எடுத்துக்கொண்டு உலகத்துக் கடலுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுவது, தி. நகரில் ஒரு கடையில் பட்டுச்சேலை விலையைக் கேட்டுவிட்டுக் காஞ்சிபுரத்து நெசவாளியின் கூலியைச் சொல்வது போன்றது. இத்தனைக்கும் அந்த ஆய்வின் தலைப்பே, இந்தக் கூடுதல் விலை கைக்குச் சிக்காதது என்று பொருள்படும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்களுக்குத் தலைப்பிலேயே வந்த தயக்கம் நம் கட்டுரையாளருக்குக் கடைசி வரி வரை வரவில்லை.

அலமாரியில் நின்ற அந்தக் காசு கரை வரைக்கும் வந்ததா என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். பால்டிக் கடலின் கிழக்குப் பகுதியில் காட் மீன் பிடிக்கும் ஸ்வீடன் நாட்டுப் படகுகளுக்கு 2011-இல் முத்திரை கிடைத்தது. யோஹான் ப்ளூம்க்விஸ்ட் குழுவினர் மீன் இறக்கும் இடத்து விலைகளை எடுத்து, முத்திரைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முத்திரையால் மீனவருக்குக் கூடுதல் விலை கிடைத்ததற்கு ஆதாரம் இல்லை. சான்றிதழுக்கான செலவு மட்டும் மீன்பிடிப்பவர் தரப்பில் நிற்கிறது. கட்டுரையாளரின் தத்துவப்படி மீனவரைத் திருத்த வேண்டியது எந்தக் காசோ, அந்தக் காசு அவர் கைக்கே வரவில்லை. பிறகு எதற்காக அவர் திருந்துவார்?

அந்தக் காட் மீனின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் முத்திரை நிறுத்திவைக்கப்பட்டது. 2019 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் அவசர உத்தரவு போட்டுக் கிழக்கு பால்டிக்கில் காட் பிடிப்பதையே தடுத்தது. முத்திரை வந்து எட்டே வருடம். அங்கே மீன் மெலிந்துபோனதற்கு அளவுமீறிப் பிடித்தது மட்டும் காரணமில்லை என்று கட்டுரையாளர் சொல்லலாம். உண்மைதான். கடலடியில் ஆக்சிஜன் குறைந்தது, ஒட்டுண்ணி பெருகியது. அப்படியானால் ஆக்சிஜனுக்கான விலைச்சீட்டை எந்தப் பொட்டலத்தில் ஒட்டப்போகிறார்?

முத்திரை எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டு ஏறக்குறைய 30,000 பேர் வேலையிழந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1997-இல், யூனிலீவர் நிறுவனமும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் சேர்ந்து மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலைத் தொடங்கின. யூனிலீவர் அப்போது உறைபதன மீனின் மிகப்பெரிய கொள்முதலாளர்களில் ஒன்று. தொழிற்சாலைக்கு மீன் வரத்து நின்றுவிடுமோ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் கொள்முதலாளரின் கவலையிலிருந்து பிறந்த ஏற்பாட்டை மீனவரின் விடுதலை என்று பெயர் மாற்றி விற்கக் கூடாது. சான்றிதழ் கேட்பவரே மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கட்டும் முறை அது. சான்றிதழ்களுக்கு எதிராக எழுந்த 19 முறையான ஆட்சேபணைகளை 2013-இல் ஓர் ஆய்வு அலசியது. ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று. ஒருவேளை மற்ற பதினெட்டும் வீண் ஆட்சேபணைகளாகவே இருக்கலாம். பரீட்சை எழுதுபவர் சம்பளம் கொடுத்து வாத்தியாரை அமர்த்திக்கொண்டால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இந்த முத்திரையால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கழற்றவேண்டிய இடத்தில் கழற்றியும் இருக்கிறார்கள். வடகிழக்கு அட்லாண்டிக்கின் மேக்கரல் மீனுக்கு, நம் கானாங்கெளுத்தியின் உறவுக்காரர், 2019 மார்ச்சில் முத்திரை நிறுத்தப்பட்டது. காரணம் மீனவரின் பேராசை இல்லை. அந்த மீனைப் பிடிக்கும் நாடுகள் எல்லாம் ஒரே உடன்பாட்டுக்கு வராமல் பங்குகளை நிர்ணயித்துக்கொண்டன. கூட்டிப் பார்த்தால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டியது. வலை வீசும் முறையைத் திருத்திக்கொண்ட படகுக்காரரும் முத்திரையை இழந்தார், திருத்தாதவரும் இழந்தார். போட்டி எங்கே நடந்தது என்று பாருங்கள். படகுக்கும் படகுக்கும் நடுவில் இல்லை, நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில். அதைத் தீர்க்கும் பேச்சுவார்த்தை மேசையில் வாடிக்கையாளருக்கு நாற்காலி கிடையாது.

அடுத்து உடைமை. இதற்குத்தான் கட்டுரையாளர் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். ஸ்காட் கார்டன் 1954-இல் எழுதியதையும் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியதையும் காட்டி, சொந்தக்காரன் இருந்தால் கடல் பிழைக்கும் என்கிறார். பொருளாதாரம் 1968-இலேயே நின்றுவிட்டது போலும். 1973-இல் காலின் கிளார்க் என்ற கனடா நாட்டுக் கணித அறிஞர் இதே கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். கடல் முழுக்க ஒரே ஆளுக்குச் சொந்தம், போட்டியே கிடையாது, அவருக்கு லாபம் தவிர வேறு எண்ணமில்லை என்று வைத்துக்கொண்டார். வந்த விடை வட்டிக்கடை வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். திமிங்கிலக் கூட்டம் வருடத்துக்கு நாலு சதவீதம் பெருகுகிறது, வெளியே பணத்துக்கு எட்டு சதவீதம் வட்டி கிடைக்கிறது என்றால், பிடிக்கும் செலவு கட்டுக்குள் இருக்கும்வரை, கடைசித் திமிங்கிலத்தையும் பிடித்து விற்றுப் பணத்தை வட்டிக்கு விடுவதே லாபம். மெதுவாக வளரும் உயிருக்கு உடைமையாளரே எமனாகலாம். இதைச் சொன்னவர் இடதுசாரி இல்லை, மீனவர் சங்கத் தலைவரும் இல்லை. கட்டுரையாளர் கும்பிடும் அதே சமன்பாடுகளைப் போட்டவர்.

ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாதபடி, கட்டுரையாளர் புகழும் நியூசிலாந்திலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே 1986 முதல் விற்று வாங்கக்கூடிய பிடி உரிமை நடைமுறையில் உள்ளது. ஆழ்கடலில் வாழும் ஆரஞ்சு ரஃபி என்ற மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே ஏறக்குறைய முப்பது வயதாக வேண்டும். நூறு வயதைத் தாண்டியும் வாழும். உரிமை இருந்தது, பத்திரம் இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சேலஞ்சர் பீடபூமிப் பகுதியில் அந்த மீன் அடியோடு சரிந்து, 2000-இல் அங்கே பிடிப்பதையே மூடவேண்டி வந்தது.

ஐஸ்லாந்தை அவர் விட்டுவிடவில்லை, நானும் விடுவதாக இல்லை. அங்கே காட் மீன் தேறியது உண்மை. எதனால் தேறியது? 2007-இல் அரசு காட் பிடி வரம்பை 193,000 டன்னிலிருந்து 130,000 டன்னாக ஒரே வெட்டில் இறக்கியது. தண்ணீருக்குள் மீன் மிஞ்சியதற்கு அந்த வெட்டு காரணம். அந்த 130,000 டன்னை யார் யாருக்கு விற்கலாம் என்ற உரிமைச் சந்தை, கரையில் யார் பணக்காரர் என்பதைத் தீர்மானித்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் கட்டுரையாளரின் வித்தையே இருக்கிறது. இலவசமாகக் கிடைத்த உரிமைகளை வைத்துச் செழித்தவர்களை ஐஸ்லாந்துக்காரர்கள் கடல் பிரபுக்கள் என்று கேலி செய்கிறார்கள். உரிமை கிடைக்காத இரண்டு மீனவர்கள் தொடுத்த முறையீட்டில், அந்த ஏற்பாடு சமத்துவத்தை மீறுகிறது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2007-இல் சொன்னது. இன்னொன்று: மீன்வளம் ஐஸ்லாந்து மக்களின் பொதுச் சொத்து என்பதுதான் அவர்களுடைய 1990-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் முதல் பிரிவு. உடைமைக்குக் கோயில் கட்டக் கிளம்பியவர் அந்த முதல் பக்கத்தையாவது புரட்டியிருக்கலாம்.

பங்குரிமை உள்ள மீன்பிடிப்புகளில் சரிவு பாதியளவே என்று கிறிஸ்டோபர் காஸ்டெல்லோ குழுவினர் 2008-இல் காட்டினார்களே என்று அவர் கேட்கக்கூடும். காட்டினார்கள். 11,135 மீன்பிடிப்புகளில் பங்குரிமை உள்ளவை 121. நல்ல விஞ்ஞானிகளும் கறாரான வரம்பும் காவல் கப்பலும் ஏற்கெனவே உள்ள இடங்களில்தான் பங்குரிமை வருகிறது. மருந்து வேலை செய்ததா, நோயாளியே வசதியானவரா என்பதைப் பிரித்தறிவது எளிதில்லை.

மீன் அரிதானால் விலை ஏறும், விலை ஏறினால் தின்பது குறையும் என்ற அவருடைய மூன்றாவது வாதத்துக்கு ஒரு பத்தி போதும். அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரைக்கு விலை ஏற ஏற அதைத் துரத்தும் கப்பல்கள்தான் பெருகின. அதன் வணிகத்தைத் தடைசெய்யும் தீர்மானம் 2010-இல் தோகாவில் கூடிய பன்னாட்டு உயிரின வணிக மாநாட்டில் தோற்றது, ஜப்பான் முன்னின்று எதிர்த்தது. பிறகு எது காப்பாற்றியது? கிழக்கு அட்லாண்டிக்கில் 2009-இல் 22,000 டன்னாக இருந்த வரம்பை அடுத்த வருடமே 13,500 டன்னாகக் குறைத்த அரசுகளுக்கிடையிலான ஆணையம். அந்த மீன் 2021-இல் அழிவபாயப் பட்டியலிலிருந்து இறங்கியது. விலையை நம்பி உட்கார்ந்திருந்தால் அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருப்போம்.

இனி நம் கரை. சங்கமும் பஞ்சாயத்தும் பழைய பஞ்சாங்கம் என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டார். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். சொந்தக்காரன் கிடையாது, ஆனால் கேட்பாரற்ற கடலும் கிடையாது. அதை நான் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. முறையில் இடம் பெறுவது பிறப்பால் வருகிறது, வெளியே நிற்பவர்களுக்கு அது அநியாயம்தான். ஆனால் பொதுவென்றால் பாழ் என்ற சூத்திரத்தை அந்த ஏரி பல தலைமுறைகளாகப் பொய்யாக்கிவந்திருக்கிறது. இத்தகைய ஏற்பாடுகளை உலகெங்கும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். ஆறு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

சந்தை உண்மையில் நம் கரையில் என்ன செய்தது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. சோழமண்டலக் கரையின் இழுவைப் படகுகளைப் பற்றி ஆரன் லோபோவும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் எழுதினார்கள். இறால் குறைந்து தொழில் கட்டுப்படியாகாமல் போனபோது, பாடநூல்படி படகுகள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்பு கடலிலேயே கொட்டிவிட்டு வந்த குப்பை மீனுக்கு, பாக் நீரிணைப் பக்கம் சங்காயம் என்பார்கள், கோழித்தீவனக்காரர்கள் விலை கொடுக்கத் தொடங்கினார்கள். மீன்குஞ்சுக்கும் விலை வந்தது. இழுவலை மடி கடலடியை வாரிக்கொண்டே இருந்தது. கட்டுரையாளர் கேட்ட அதே விலைச் சமிக்ஞைதான் இது, தெளிவாகவே வேலை செய்தது, கடலுக்கு எதிராக. அப்புறம் அந்தப் போட்டி! விடியற்காலையில் ஏதாவதொரு மீன் இறங்குதளத்தில் போய் நின்று பார்க்கட்டும். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைப் போடவேண்டும் என்ற கட்டு பல ஊர்களில் இருக்கிறது. கடனில் கட்டுண்டவர் எந்தப் போட்டியில் கலந்துகொள்வார்?

முத்திரைக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே உண்டு, அதை நானே எடுத்துத் தருகிறேன். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் எடுக்கும் மட்டிக்கு 2014-இல் முத்திரை கிடைத்தது, இந்தியாவிலேயே முதலாவது. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வெளிநாட்டுச் சந்தை இழுத்த இழுப்பில் 1993-க்குள் விளைச்சல் பாதியாகச் சரிந்தது. அதன்பிறகு மீனவர்களும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் சேர்ந்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை என்றும், வலைக்கண்ணுக்கு இவ்வளவு, ஏற்றுமதிக்கு இந்த அளவுக்குக் குறையக் கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தார்கள். மட்டி திரும்பிவந்தது. முத்திரை வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து. நோயைக் கொடுத்ததும் சந்தை, குணமானபின் வாசலில் வந்து பலகை மாட்டியதும் சந்தை.

கட்டுரையாளர் மறுமொழி எழுதுவார் என்று நம்புகிறேன். எழுதும்போது நடையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டட்டும். லண்டன் அலமாரியில் 14.2 சதவீதம் என்றால், படகை விட்டு இறங்கும் ஆளின் கையில் எவ்வளவு?